அம்மாவின் நோட்டில் இருந்த பெயர்கள்

அம்மா ஐசியூவில் இருந்த 11 நாட்களும் நான் கடவுளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் இரும்பு நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அந்தக் கோடியில் ஒருவர் எழுந்தால் இந்தக் கோடியில் தூங்குகிறவரின் தலை ஆடும். அங்கே உட்கார்ந்துதான் கேட்டேன். முதல் நாள் கெஞ்சினேன். நாலாவது நாள் வாக்குறுதி கொடுத்தேன். இனி யார்மேலும் எரிந்து விழ மாட்டேன், தினமும் அரை மணி நேரம் பிரார்த்தனைக்கு ஒதுக்குவேன், சம்பளத்தில் ஒரு பங்கை இல்லாதவர்களுக்குக் கொடுப்பேன் என்றெல்லாம் அடுக்கினேன். ஒன்பதாவது நாள் மிரட்டவே ஆரம்பித்துவிட்டேன். இவளைக் கொண்டுபோனால் உன் பக்கமே திரும்ப மாட்டேன் என்றேன். பன்னிரண்டாம் நாள் விடிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள்.

அப்புறம் நான் திரும்பவில்லை. 14 மாதங்கள்.

ஆன்மிக வளர்ச்சியில் நம்பிக்கைக்கு என்ன இடம் என்று இப்போது யாராவது கேட்டால், எனக்கு அந்த 14 மாதங்களிலிருந்துதான் பேச வருகிறது. அதற்கு முன்னால் நான் நம்பிக்கை என்று நினைத்திருந்தது வேறு ஒன்று. நல்லது நடக்கும் என்கிற எதிர்பார்ப்பு அது. எதிர்பார்ப்புக்குப் பிரார்த்தனை என்று ஒரு சட்டை மாட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவரை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரார்த்தனைக் கூட்டங்கள் நடத்துகிறவர், நிறையப் பேர் மதிக்கிற பெரியவர். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்து உட்கார்ந்தார். அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு, “முழு நம்பிக்கையோட கேட்டிருந்தா கெடச்சிருக்கும்மா. எங்கேயோ ஒரு ஓரத்துல சந்தேகம் இருந்திருக்கு” என்றார். எதிரே இருந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அக்கா பல மாதங்கள் சுமந்தாள். “அன்னைக்கு ராத்திரி எனக்குக் கொஞ்சம் பயம் வந்துச்சு, அதனாலதான் இப்படி ஆயிடுச்சோ?” என்று ஒருமுறை போனில் கேட்டாள். 40 வயதைத் தாண்டிய பெண், குழந்தை மாதிரிக் கேட்டாள்.

நோயாளியின் வீட்டிலோ துக்க வீட்டிலோ போய் இப்படிப் பேசுவது தவறு. எந்த மதத்தின் பெயரால் சொன்னாலும் தவறு. நம்பிக்கை சரியான அளவில் இருந்தால் சாவு வராது என்றால், இதுவரை இறந்த மகான்கள் எல்லோரிடமும் அது குறைவாக இருந்தது என்று ஆகிவிடும். புத்தருக்கும் உடம்பு முடியாமல் போனது. ரமண மகரிஷிக்குக் கையில் புற்றுக்கட்டி வந்து, பல அறுவை சிகிச்சைகள் நடந்தும் தீராமல், 1950 ஏப்ரலில் உயிர் பிரிந்தது. கண்ணீரோடு சூழ்ந்து நின்ற அடியவர்கள் தங்களைக் குணப்படுத்திக்கொள்ளுங்கள் என்று அவரிடமே மன்றாடினார்கள். அவர் அந்தப் பேரத்துக்குப் போகவே இல்லை.

சரி, பேரம் இல்லையென்றால் நம்பிக்கை என்பது என்ன?

இந்த இடத்தில் எனக்கு உதவியது ஒரு சொல். ‘நம்பு’ என்கிற வினையை இன்று ‘உண்மை என்று ஏற்றுக்கொள்’ என்ற பொருளில்தான் புழங்குகிறோம். அவன் சொல்வதை நம்புகிறேன், இந்தச் செய்தியை நம்பவில்லை, இப்படி. ஆனால் தொல்காப்பியத்தின் உரியியலில் ‘நம்பு’, ‘மேவு’ என்ற இரண்டு சொற்களுக்கும் நசை என்று பொருள் சொல்லியிருக்கிறது. நசை என்றால் விருப்பம், ஏக்கம், ஒன்றின்மேல் வைக்கும் தீராத ஆசை. அதைப் படித்த அன்று அலுவலகப் பேருந்தில் இருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல முடியாமல்தானே நான் விலகி நின்றேன்? நம்பிக்கைக்கு அந்தப் பதில் முதல் தேவையே இல்லையோ? ஏங்குவது போதுமென்றால் என்னிடம் அது நிறையவே இருந்தது. அம்மா போன பிறகு அதைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு சொல் சிரத்தை. வடமொழியில் ‘சிரத்தா’ என்றால் நம்பிக்கை. இதயத்தை ஓரிடத்தில் வைப்பது என்று அதன் மூலத்துக்குப் பொருள் சொல்கிறார்கள் மொழியறிஞர்கள். தமிழுக்கு வந்தபோது அது கவனம், அக்கறை என்று ஆகிவிட்டது. “சிரத்தையா செய்” என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். வேலையில் மனசை வை, அரைகுறையாகச் செய்யாதே என்று அர்த்தம். ஒரு சொல் நம்பிக்கையில் கிளம்பி அக்கறையில் வந்து சேர்ந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசித் தானாக நடந்தது. நம்புகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த சனங்கள் அவர்களிடம் கண்டது இந்த அக்கறையைத்தான் போலிருக்கிறது.

திலகவதியார் நினைவுக்கு வருகிறார். ஏழாம் நூற்றாண்டு. பெற்றோர் இறந்தார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போருக்குப் போய் அங்கேயே மாண்டார். தம்பிக்காக உயிர் வைத்திருந்தார். அந்தத் தம்பியும் சமண சமயத்தில் சேர்ந்து, அங்கே பெரிய அறிஞராகி, அவரை விட்டுப் போய்விட்டார். அக்காள் என்ன செய்தார் என்பதைச் சேக்கிழார் சொல்லும்போது பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. கோயிலைக் கூட்டினார், மெழுகினார், பூப் பறித்து மாலை கட்டினார். வருடக்கணக்காக. பிறகு தம்பி சூலை நோயோடு இரவில் திரும்பி வந்ததும், அவர் அப்பராக ஆனதும், கையில் உழவாரம் எடுத்துக்கொண்டு கோயில் முற்றங்களில் புல் செதுக்கப் போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நமக்கு அப்பரைத்தான் அதிகம் தெரியும். எனக்கு அவரைவிட அந்த அக்காள்தான் நெருக்கமாக இருக்கிறார். பாட்டு ஒன்றும் இல்லாமல், பதிலும் வராமல், தினமும் துடைப்பத்தை எடுத்த கை அது.

அம்மாவின் நோட்டு எனக்குக் கிடைத்தது அவளுடைய அலமாரியை ஒழித்தபோது. அதுவரை திறக்க மனம் வரவில்லை. புடவைகளுக்கு அடியில், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுகள் மூன்று, ரப்பர் பேண்டு போட்டு. ரப்பர் இற்றுப்போய் அட்டையோடு ஒட்டியிருந்தது. அம்மா தினமும் விடியற்காலையில் எழுந்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். உதடு மட்டும் அசையும். ஏதோ தோத்திரம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் புரண்டு படுத்திருக்கிறோம். நோட்டில் தோத்திரம் எதுவும் இல்லை. பக்கத்துக்கு ஒரு தேதி, அதன் கீழே பெயர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சொல். ‘இருமல்’. ‘கடன்’. ‘பரீட்சை’. ‘தூக்கம் இல்லை’. கீழ் வீட்டுக்காரரின் பெயரும் இருந்தது. தண்ணீர்க் குழாய் விஷயமாக அவரோடு அம்மா ஒரு வருடம் பேசாமல் இருந்தாள். அந்த வருடத்துப் பக்கங்களிலும் இருந்தது.

என் பெயர் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. பக்கத்தில் ‘கோபம்’.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தை ஐசியூவுக்குப் போகும் முன்பு, வார்டில் இருந்தபோது எழுதியிருக்கிறாள். எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது. அதில் ‘நைட் சிஸ்டர்’ என்று இருந்தது, பெயர் கேட்க முடியவில்லை போல. ‘பக்கத்துக் கட்டில் பொண்ணு’ என்று இருந்தது. அதன் கீழே ‘அவ புருஷன்’. ஆறு வருடத்துப் பக்கங்களைப் புரட்டினேன். அவளுடைய பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் அந்த ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு நம்பிக்கை திரும்பி வந்ததால் உட்காரவில்லை, இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. பிரார்த்தனைக்கு வார்த்தை வரவில்லை. அதனால் கடைசிப் பக்கத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். 17 பெயர்கள். இரண்டு மூன்று பேர் யார் என்றே எனக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் ஒன்றும் நடக்கவில்லை. கால் மரத்திருந்தது. மறுநாளும் வாசித்தேன்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. மனசுக்குள் ஓர் ஒளியோ அமைதியோ கண்ணீரோ வரவில்லை. இது வெறும் பழக்கமோ, நம்பாமல் செய்வது பொய்யோ என்று உறுத்தியது. அந்த நாட்களில்தான் அன்னை தெரசாவின் கடிதங்களைப் பற்றி நிதானமாகப் படித்தேன். 1946இல் ரயில் பயணத்தில் ஏழைகளிலும் ஏழைகளுக்காகப் பணி செய்ய அழைப்பு வந்ததாக உணர்ந்தவர் அவர். அதன் பிறகு சில மாதங்கள் உள்ளுக்குள் பெரிய நிறைவு. 1948இல் மடத்தை விட்டு வெளியே வந்து தெருவில் இறங்கி வேலை தொடங்கிய காலத்திலேயே அந்த நிறைவு மறைந்துவிட்டது. 1958இல் சில வாரங்கள் மட்டும் திரும்பி வந்தது, மறுபடி போனது. 1997இல் இறக்கும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, கடவுள் பக்கத்தில் இருப்பதாக அவரால் உணர முடியவில்லை. உள்ளே இருட்டு, வெறுமை, சில நேரம் கடவுளே இல்லையோ என்ற பயம். தன்னை வழிநடத்திய குருக்களுக்கு இதையெல்லாம் எழுதினார். கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அவர்கள் அழிக்கவில்லை. 2007இல் அவை நூலாக வந்தபோது உலகமே திகைத்தது. அப்படியானால் அவர் நம்பிக்கை இழந்தவரா என்று சிலர் கேட்டார்கள்.

எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. 1979இல் நோபல் பரிசு வாங்கியபோதும், அதிகாலையில் எழுந்து முழந்தாளிட்டபோதும், சாகக் கிடந்தவர்களின் உடம்பைத் துடைத்தபோதும் அவருக்குக் கைகொடுக்க எந்த இனிய உணர்வும் இல்லை. கையில் இருந்தது அந்த ஏக்கம் மட்டும். தொல்காப்பியர் சொன்ன நசை. 1961 வாக்கில் ஒரு குருவின் உதவியோடு அந்த இருட்டைத் தன் பணியின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டார். இருட்டு விலகவில்லை. ஆனால் அதோடு சண்டை போடுவதை நிறுத்தினார். அவரைப் பற்றி எழுப்பப்படும் மற்ற விமர்சனங்களை நான் அறிவேன், அவற்றுக்குள் போகவில்லை. எனக்கு அன்று தேவைப்பட்டது இந்த ஒன்று: ஒன்றுமே உணராமல் உட்காரும் மனிதர் பொய்யர் இல்லை.

உணர்வு வேண்டும் என்று கேட்பதும் ஒருவகைப் பேரம்தான் என்பது மெதுவாகப் புரிந்தது. முன்பு அம்மாவின் உயிரைக் கேட்டேன். இப்போது உட்கார்ந்ததற்குக் கூலியாக ஓர் அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சந்தேகம். அந்தப் பெரியவர் எதைக் குற்றமாகச் சொன்னாரோ அதை நம்பிக்கையின் பெரிய ஆசான்களிலேயே சிலர் கடந்து வந்திருக்கிறார்கள். இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியைப் பாருங்கள். 33 வயதில், 1091இல், பாக்தாத்தின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியர். ஒரு காலத்தில் கண்ணையும் நம்ப முடியாத அளவுக்குச் சந்தேகப்பட்டுப் பார்த்தவர். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது, அது நகர்ந்துகொண்டே இருக்கிறதே. நட்சத்திரம் காசளவுக்குத் தெரிகிறது, கணக்குப் போட்டால் பூமியைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று அவர் கேட்டார். 1095இல் இன்னும் கடுமையான ஒன்று வந்தது. நான் யாருக்காகக் கற்பிக்கிறேன் என்று தன்னையே கேட்டபோது, இறைவனுக்காக இல்லை, பெயருக்காகவும் மதிப்புக்காகவும் என்று பதில் வந்தது. வகுப்பில் நின்றால் வாய் திறக்கவில்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை. இது உள்ளத்திலிருந்து வந்த நோய் என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு மற்றதைக் கொடுத்துவிட்டுப் பதவியை விட்டுக் கிளம்பினார். மறுபடி பாடம் சொல்லித்தர அவருக்குப் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது. தன் வாழ்க்கையை எழுதும்போது இதை அவர் மறைக்கவில்லை. கேள்வியைக் கடைசிவரை கேட்ட மனிதர் என்பதால்தான் அவர் சொல்லும் பதிலை என்னால் காது கொடுத்துக் கேட்க முடிகிறது.

பௌத்தத்தில் இதை ஒரு தராசு மாதிரி சொல்வார்கள். பயிற்சிக்கு வேண்டிய ஐந்து திறன்களில் நம்பிக்கை முதலாவது, பகுத்தறியும் ஞானம் ஐந்தாவது. இரண்டும் சமமாக நிற்க வேண்டும். நம்பிக்கை மட்டும் கனத்தால் மனிதன் கண்டதையெல்லாம் நம்புவான் என்கிறார் பழைய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர். அறிவு மட்டும் கனத்தால் தந்திரக்காரன் ஆவான், அது மருந்தாலேயே வந்த நோய் போலத் தீராது என்கிறார். எனக்கு அந்த இரண்டாவது எச்சரிக்கை சுட்டது. அந்த 14 மாதங்களில் நான் பெரிய வாதக்காரனாக இருந்தேன். பிரார்த்திக்கிறவர்களை மேசைக்கு மேசை தோற்கடித்தேன். ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிடுசிடுத்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் அடிபட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்காதே, கேட்டால் உன் நம்பிக்கை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் உட்காராதீர்கள். அவர் காப்பாற்ற நினைப்பது உங்கள் நம்பிக்கையை இல்லை.

ஏதாவது மாறியதா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து ஒன்று. போன வருடம் வேலையில், மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய மூன்று வார உழைப்பை எங்கள் குழுவின் கடைசிப் பையன் தவறுதலாக அழித்துவிட்டான். சொல்லும்போது அவன் கை நடுங்கியது. எனக்குக் காது மடல்வரை சூடு ஏறியது. வழக்கமாக அடுத்த நொடி என் வாயிலிருந்து என்ன வரும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த நொடி கொஞ்சம் நீண்டது. ஒரு மூச்சு இழுத்து விடும் அளவு, அதற்கு மேல் இல்லை. அந்த இடைவெளியில், அன்று காலை ஜன்னல் ஓரத்தில் அவன் பெயரை வாசித்தது ஞாபகம் வந்தது. பக்கத்தில் ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று நான்தான் எழுதியிருந்தேன். “முதல்ல உக்காரு” என்றேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி செய்தோம். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “நிஜமாவா?” என்றாள்.

இப்படிச் சொன்னால் கோபம் போய்விட்டது என்று ஆகிவிடும். போகவில்லை. அதே வாரம் மகள்மேல் எரிந்து விழுந்தேன். அந்த ஒரு மூச்சு இடைவெளியை நான் உண்டாக்கவில்லை, அது எனக்குக் கிடைத்தது. யார் கொடுத்தது என்று கேட்டால் என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சத்தமாகச் சொல்ல இன்னும் தயக்கமாக இருக்கிறது. காலையில் மட்டும் மெதுவாகச் சொல்கிறேன்.

இப்போது நோட்டு நான்காவதாக ஒன்று ஓடுகிறது, என் கையெழுத்தில். அக்காவுக்கும் தெரியும். அவள் தன் வீட்டில் வேறு மாதிரிச் செய்கிறாள், நடந்துகொண்டே சொல்வாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பெயர்களை மாற்றிக்கொள்வோம். போன ஞாயிறு அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. துக்கத்துக்கு வந்து அப்படிச் சொன்னாரே அந்தப் பெரியவர், அவர் பெயரை எழுதலாம் என்று இரண்டு மூன்று முறை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் அன்று காலை எழுதிவிட்டேன். பெயரை எழுதிய பிறகு, பக்கத்தில் போட ஒரு சொல் வரவில்லை. என் மனசில் வந்த சொற்கள் எதுவும் போடக்கூடிய சொற்களாக இல்லை.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“முட்டி வலின்னு போடு” என்றாள். “அன்னைக்கு அவரு படி ஏற ரொம்பச் சிரமப்பட்டாரு.”